நாறுவது ஜேர்சியா, நானா?

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டிய பத்தி இது. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டோடு பேப்பரை விரிக்கிற பழக்கம் உள்ளவர்கள், முதலில் சாப்பிட்டு முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி, வாருங்கள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிறு. ருவான்வெல்லை மைதானத்தில் தோட்ட அணிகளுக்கான வலைப்பந்துப் போட்டி. எங்கள் தோட்டத்துப் பெண்கள் இறுதிப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தார்கள். நான்தான் அவர்களுடைய பயிற்சியாளர். பதவியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்… தோட்டப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான். படிக்கிற காலத்தில் வலைப்பந்து ஆடியதாக ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

தெரிவான சந்தோஷத்தில் மற்றப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்க, லோகேஸ் மட்டும் என்னிடம் வந்தாள். கழற்றிய ஜேர்சியைச் சுருட்டி என் கையில் திணித்தாள்.

"பைனலுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க டீச்சர். நான் வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோகேஸ் என்கிற லோகேஸ்வரிதான் எங்கள் ஷூட்டர். விடிவதற்குள் ரப்பர் மலைக்கு ஏறி, மரம் மரமாகப் பால் வெட்டுகிறவள். அந்தக் கை பந்தை எறிந்தால் வளையத்துக்குள் விழும். அவள் வராவிட்டால் பைனலில் நாங்கள் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

"என்னம்மா ஆச்சு?"

"அந்தத் தேயிலத் தோட்டத்துப் புள்ள இருக்காளே, என்னய மறிச்சிக்கிட்டு நின்னவ… 'தள்ளி நில்லுக்கா, ஒட்டுப்பால் வாட கொடலப் பொரட்டுது'ன்னு சொன்னா டீச்சர். எல்லாருக்கும் கேக்குற மாதிரி. எல்லாரும் சிரிச்சாங்க."

ஒட்டுப்பால் என்றால் வெட்டிய மரத்தில் வழிந்து உறைந்து போகிற மிச்ச ரப்பர். அதைச் சுரண்டிச் சாக்கில் கட்டிப் போட்டால், அந்தச் சாக்கு இருக்கிற திசைக்கே போக முடியாது. தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு எங்களைப் போன்ற ரப்பர் தோட்டத்துக்காரர்கள் மேல் எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. அவர்கள் மணக்கிறார்களாம்… நாங்கள் நாறுகிறோமாம். புள்ளிக் கணக்கில் அவர்களும் தெரிவாகியிருந்ததால், அந்த அணியோடுதான் பைனலும்.

"அவ கெடக்குறா, விடு" என்றேன்.

லோகேஸ் குரலைத் தாழ்த்தினாள். "இல்ல டீச்சர். எம் மேலுதான் நாறுது. வேல முடிஞ்சு வந்து சோப்புப் போட்டு, தேங்காநார வச்சுத் தேச்சுத் தேச்சுக் குளிக்கிறேன். அப்பயும் வேர்த்தா திரும்ப வந்துருது."

கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே தோல் கன்றிச் சிவந்து கிடந்தது. எனக்கு அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண் மேல் வந்த கோபத்தை விட, அந்தச் சிவப்பைப் பார்த்து வந்த கோபம் பெரிது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, யார் யாரோ இளக்காரமாகச் சொல்கிற ஒரு சொல்லுக்காகத் தன் தோலையே உரித்துக்கொண்டிருக்கிறாள்!

ஜேர்சியை விரித்து மூக்கருகே கொண்டுபோனேன்.

அம்மாடி.

நாற்றத்தில் வகைகள் உண்டு, தெரியுமா? இது ஒட்டுப்பால் இல்லை. லோகேஸும் இல்லை. தனி ஆளாக நின்று எந்த மனிதப் பிறவியாலும் இந்த நாற்றத்தை உண்டாக்க முடியாது. இதற்கு ஒரு கூட்டமே உழைத்திருக்க வேண்டும். உழைத்துத்தான் இருந்தது… எங்கள் விளையாட்டுக் கழகத்திடம் இருப்பது ஒரே ஒரு செட் ஜேர்சி. சனிக்கிழமை ஆண்கள் அதைப் போட்டுக் கரப்பந்து ஆடுவார்கள். ஞாயிறு பெண்கள் அதையே போட்டு வலைப்பந்து ஆடுவார்கள்.

"நாறுறது ஜேர்சிம்மா, நீ இல்ல."

"அப்ப மத்தவங்கள ஏன் ஒண்ணும் சொல்லல? அவங்களும் இதத்தானே போட்டிருந்தாங்க?"

நியாயமான கேள்வி. கணக்கு டீச்சர் யோசித்தேன். "மத்தவங்க பந்த நெஞ்சுக்கு நேரா எறியிறாங்க. நீ ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குற. மறிக்கிறவ மூக்கு சரியா அந்த எடத்துலதான் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

"சரி, இந்த ஜேர்சியில நாத்தம் போயிருச்சுன்னா ஆடுவியா?"

"போகாது டீச்சர்."

"போனா?"

மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போனா ஆடுறேன்" என்றாள், என் வாயை மூடுவதற்காக.

அது போதும் எனக்கு. இனி நானாச்சு, இந்த நாற்றமாச்சு!

கிளம்பும்போது முதல் தடை வந்தது. கழகத்தின் செயலாளர் முத்துராஜ் அண்ணன். தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஜேர்சியை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். அது கழகத்தின் சட்டம். ஆட்டம் முடிந்ததும், பிள்ளைகள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்து உடை மாற்றி, ஜேர்சியை அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். பெட்டிச் சாவி அண்ணனின் இடுப்பில். முன்பிருந்த செட்டை ஆளுக்கு ஆள் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒருவன் கொழும்புக்கே போட்டுக்கொண்டு போய்விட்டதால் வந்த சட்டமாம்.

"ஒண்ணு கொறையுதே?"

"எங்கிட்ட இருக்கு அண்ணே. தொவச்சுத் தாறேன்."

"டீச்சர்ங்கிறதால விடுறேன்" என்றார் பெரிய மனதோடு.

வீட்டுக்கு வந்து வாளியில் சலவைத் தூளைக் கொட்டினேன். ஊற வைத்தேன், கும்மினேன், அலசினேன். ஈரத்தில் முகர்ந்தால் நல்ல வாசனை. காய்ந்த பிறகு முகர்ந்தேன், அப்போதும் நல்ல வாசனை. நாற்றமாவது ஒன்றாவது என்று வெற்றிக் களிப்பில் ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்கள்… கிளம்பியது ஆவி!

அடுத்த அறையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா, பாரு."

அன்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இந்தப் பொலியெஸ்டர் துணியில் ஏறிய பழைய வேர்வை நாற்றம் துவைத்தால் போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. சூடு பட்டதும் வெளியே வருகிறது. ஸ்திரிக்கைச் சூடாக இருந்தால் என்ன, ஓடி ஆடுகிற உடம்புச் சூடாக இருந்தால் என்ன? லோகேஸ் 'வேர்த்தா திரும்ப வந்துருது' என்றாளே, அதுதான் இது.

அடுத்தது, துணிக்கு வாசம் சேர்க்கிற நீலத் திரவம். டீவி விளம்பரத்தில் ஒரு பெண் துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சொக்குவாளே, அது. மூடி மூடியாக ஊற்றினேன். விளைவு? மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்த வேர்வை நாற்றம். முன்பாவது அது தனியாக வந்தது.

ஒரு ஜேர்சியோடு மல்லுக்கட்டி ஆகப்போவதில்லை, வேலை மொத்தச் செட்டிலும் நடக்க வேண்டும் என்று புரிந்தது. முத்துராஜ் அண்ணனிடம் மன்றாடி, அவர் கண் முன்னாலேயே, பாடசாலைக் குழாயடியில் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து துவைத்தோம். லோகேஸும் வந்தாள். தன் பங்குக்கு அடித்துக் கும்மித் துவைத்தாள்.

துவைத்தாயிற்று. காய வைப்பது எங்கே? எங்கள் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானமானால் இடி, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டும். கொடியில் போட்டவை மூன்றாம் நாளும் ஈரம் சொட்டிக்கொண்டு நின்றன. ஈரத்திலேயே கிடந்தால் நாற்றம் இன்னும் மோசமாகும்.

"கவலய விடுங்க டீச்சர், என் புகைக்கூடம் எதுக்கு இருக்கு?" என்றார் முத்துராஜ் அண்ணன்.

அண்ணனின் உத்தியோகம் அதுதான். தொழிற்சாலையில் அமுக்கி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை போட்டுக் காய வைக்கிற கூடம் அவர் பொறுப்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள குழந்தைகளின் துணியும் பாடசாலை வெள்ளைச் சட்டையும் அந்தக் கூடத்தின் வெளிச்சுவர் சூட்டில்தான் காயும். அதனால் எங்கள் யாருக்கும் இது விபரீதமான யோசனையாகப் படவில்லை. ஆனால் அண்ணன் எங்கள் மேல் வைத்த அன்பில் ஒரு படி மேலே போனார். வெளிச்சுவரில் போடாமல், விசேஷ உபசாரமாக, உள்ளேயே ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில் ஜேர்சிகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் திறந்தோம். ஜேர்சிகள் நன்றாகக் காய்ந்திருந்தன. மஞ்சள் ஜேர்சி தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. கருவாட்டுக் கடையும் ரப்பர் தொழிற்சாலையும் கலியாணம் கட்டிக்கொண்டது போல ஒரு மணம்.

ரப்பர் வாடை அடிக்கிறது என்று சொன்னதற்காக ஆரம்பித்த வேலை இது. இப்போது நாங்களே ரப்பர் வாடையைப் புகை போட்டு ஏற்றி வைத்திருக்கிறோம்! முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

லோகேஸ் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

"நான்தான் சொன்னேனே டீச்சர்… போகாது. நம்மளுக்கு எழுதுனது இதுதான்."

"எழுதுனதும் கிடையாது, கிழிச்சதும் கிடையாது. கண்ணத் தொடச்சுக்க" என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் நம்பிக்கை குறைந்துகொண்டிருந்தது. பைனல் நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி கிடைத்தது என் சொந்தச் சமையலறையில். மீன் வெட்டிவிட்டுக் கையைச் சோப்பால் கழுவினேன், மணம் போகவில்லை. வழக்கம்போல ஒரு தேசிக்காய்த் துண்டை எடுத்துத் தேய்த்தேன், போய்விட்டது. தேய்த்த கையோடு அப்படியே நின்றேன். சோப்புக்கு மசியாதது புளிப்புக்கு மசிகிறது! உடனே ஒரு ஜேர்சியின் அக்குள் பக்கத்தில் தேசிக்காய் பிழிந்து ஊற வைத்து, துவைத்து, ஸ்திரிக்கை வைத்துப் பார்த்தேன். ஆவி வந்தது, ஆனால் பாதி ஆவிதான்.

வழி சரி, அளவு போதாது. மொத்தச் செட்டுக்கும் தேசிக்காய் பிழிய யாரால் முடியும்? புளிப்பு இன்னும் கூடுதலாக, போத்தலிலேயே கிடைக்கிறதே… வினாகிரி!

ருவான்வெல்லை கடைவீதியில், வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையில் இருந்த வினாகிரிப் போத்தல்களை எல்லாம் எடுத்து வைத்தேன். முதலாளி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"மொகத நோனா, அச்சாறுத?" என்ன நோனா, அச்சாறு போடவா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"அச்சாறு இல்ல முதலாளி, ஜேர்சி ஊறப் போட."

பாவம், மனிதர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

இதற்கிடையில் முத்துராஜ் அண்ணனும் ஒரு யோசனையோடு வந்தார். "வினாகிரி எதுக்கு டீச்சர் காசு குடுத்து? ரப்பர் பாலை உறைய வைக்கிற நம்ம ஆசிட்டே இருக்கே, அதுவும் புளிப்புத்தானே? ஒரு சொட்டு விட்டா…" நான் போட்ட சத்தத்தில் அண்ணன் வாசற்படி வரை பின்வாங்கிவிட்டார். வாசகர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கமே போகாதீர்கள். நாற்றத்தோடு தோலும் போய்விடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஜேர்சியை உட்புறம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும், ஏனென்றால் நாற்றம் குடியிருப்பது உள்ளே. பச்சைத் தண்ணீரில் தாராளமாக வெள்ளை வினாகிரி விட்டு ஊறப் போட்டு, பாடசாலைக்குப் போய்விட்டு வந்து எடுத்தேன். பிறகு கொஞ்சமே கொஞ்சம் சலவைத் தூள். தூளை அள்ளிக் கொட்டினால் அதுவே துணியில் படிந்து நாற்றத்துக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. நன்றாக அலசல். வாசத் திரவம் கிட்டவே வரக் கூடாது. காய்வது காற்று ஓடுகிற இடத்தில். எங்கள் பாடசாலையில் சுவர் பாதிதான், மேலே எல்லாம் திறப்பு. மாலையில் வகுப்பறைக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். புகை மணம் பிடிவாதம் பிடித்ததால், ஊற வைப்பதும் அலசுவதும் திரும்பத் திரும்ப நடந்தது. என் வீடே அச்சாறு ஜாடியாகி, என் கணவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கினார்.

கடைசியாக ஸ்திரிக்கைப் பரீட்சை. லோகேஸைக் கூப்பிட்டு, அவள் கையிலேயே ஸ்திரிக்கைப் பெட்டியைக் கொடுத்தேன். அக்குள் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். குனிந்தாள். முகர்ந்தாள். திரும்ப அழுத்தினாள், திரும்ப முகர்ந்தாள். துணி மணம், அவ்வளவுதான்.

அவள் ஜேர்சியை விடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் இல்லையா டீச்சர்?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்?

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முத்துராஜ் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்! ஜேர்சிகளை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டுமாம். மூடியைத் திறந்தார்… என் பழைய எதிரி பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து வணக்கம் சொன்னது. பூச்சி உருண்டையோடு சேர்த்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரா வாரம், வேர்வை சொட்டச் சொட்டக் கழற்றியதை, மடித்து, அடுக்கி, காற்றுப் புகாமல் பூட்டி வைத்தால்? அடுத்த ஆட்டத்தன்று திறந்து அப்படியே போட்டுக்கொண்டால்? இந்தப் பிள்ளைகள் தினமும் மூன்று வேளை பன்னீரில் குளித்தாலும் நாறத்தானே செய்வார்கள்!

"அண்ணே, பால் வாளியக் கழுவாம மூடி வைப்பீங்களா?"

"சே, நாத்தம் புடிச்சிருமே. அடுத்த நாள் பாலும் கெட்டுரும்."

"அப்ப இது மட்டும்?"

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். புத்திசாலி மனிதர், புரிந்துவிட்டது. ஆனால் சாவியை விட மனம் வரவில்லை. "அதுக்காக ஆளுக்கொண்ணு வீட்டுக்குக் குடுத்துற முடியுமா? ஒண்ணு காணாமப் போனா நான்தானே பதில் சொல்லணும்?"

"எனக்குக் குடுத்தீங்களே?"

"நீங்க டீச்சர்."

"இவளுக பால் வெட்டுற கத்திய எங்க வைக்கிறாளுக? வாளிய எங்க வைக்கிறாளுக? வீட்டுலதானே? தோட்டத்துச் சாமான் இத்தன வருஷத்துல ஒண்ணாச்சும் காணாமப் போயிருக்கா? கத்திய நம்பிக் குடுக்கலாம், சட்டய நம்பிக் குடுக்கக் கூடாதா?"

அவர் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் பெட்டி வெறுமையாகத் திரும்பிப் போனது. ஒவ்வொருத்தியும் தன் ஜேர்சியைத் தானே வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆண்களுக்கு என்ன வழி என்று கேட்டவர்களிடம், அவர்களுக்கும் துவைக்கக் கை இருக்கிறதே என்றேன்.

பைனல் நடந்தது. வென்றோம். எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், கடைசி நேரத்தில் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆனால் அதற்கு முன்னால் பார்த்ததைச் சொல்ல முடியும். லோகேஸ் கையை உயர்த்தினாள். கூசாமல், முழுசாக, வானத்தைப் பார்த்து. மறித்து நின்றவள் அதே தேயிலைத் தோட்டத்துப் பெண். மூக்கைச் சுளிக்க அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து இரு அணியும் வரிசையாகக் கை கொடுத்தார்கள். நானும் கூடவே போனேன். அந்தப் பெண் அருகில் வந்ததும் என் மூக்கு விழித்துக்கொண்டது. இத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டிய மூக்கு, தப்புமா? அதே நாற்றம். அவர்கள் தோட்டத்திலும் ஒரு பெட்டி இருக்கிறது!

எங்கள் பிள்ளைகளுக்கும் அது எட்டிவிட்டது. ஒருத்தி லோகேஸின் இடுப்பில் இடித்தாள். "சொல்லுக்கா… எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு." மற்றவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

லோகேஸ் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். விடவில்லை. கிட்ட இழுத்து, காதோடு என்னவோ சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது, பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல நெரிசல். லோகேஸ் வேர்த்து ஊறிய ஜேர்சியோடே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் புள்ள காதுல என்னதான் சொன்ன?"

"வினாகிரின்னு சொன்னேன் டீச்சர். பாவம்… அவளும் வீட்டுல போய்த் தேச்சுத் தேச்சுத்தானே குளிச்சுக்கிட்டிருப்பா?"